அண்ணன் ஊதிய அறுநூற்றுப் பத்து

என் அண்ணன் ஜெபராஜ் அறுநூற்றுப் பத்து ஊதினான். அன்று காலையில் நான் ஊதியது நூற்று எழுபது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்கு வந்த எரிச்சலை எந்த ஊசியும் இறக்கியிருக்காது.

ஊதுவது என்றால் பலூன் அல்ல. பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு கருவி. ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாய், மேலே ஒரு சின்ன முள். நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வீச்சில் விட வேண்டும். மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறதோ அவ்வளவு தூரம் முள் ஓடும். மூச்சுக்குழாய் சுருங்கிக் கிடந்தால் முள் அசைந்து கொடுக்காது. என் வயதுக்கும் உயரத்துக்கும் நானூறைத் தொட வேண்டும் என்றார்கள். ஆண், உயரமானவன், அவனுக்குக் கூடத்தான் வரும் என்பது எனக்குத் தெரியாதா? கெமிஸ்ட்ரி படித்தவள்தானே. தெரிந்தும் வயிறு எரிந்தது. புது வாய்க்குழாயைச் செருகி, வாசலில் நிற்கிற ஆட்டோவைக் கூப்பிடுகிற அலட்சியத்தோடு ஒரு ஊது ஊதிவிட்டு அவன் கேட்டான்:

“இவ்வளவுதானாட்டி? இதுக்கா இந்த மூஞ்சி?”

பக்கத்துக் கட்டில் சாவித்திரி மாவ்ஷி, எல்லாருக்கும் மராத்திச் சித்தி, கை தட்டினாள். “அரே வா, பஹல்வான்!”

பயில்வானாம். பத்து மணி நேரம் பசை டப்பா முன்னால் குனிந்து உட்காருகிறவன் அவன். சந்தைக்குப் போனாலும் மாஸ்க் போடுகிறவள் நான். தாராவி முழுக்கக் காற்றை அளந்து திரிந்தவள் நான். மூச்சு மட்டும் அவனுக்கு. இது என்ன நியாயம்?

எங்கள் வீடு தாராவியில், தொண்ணூறடி ரோட்டை விட்டு இரண்டு சந்து உள்ளே. கீழே அண்ணனின் பை பட்டறை. ரெக்ஸின் வெட்டி, ஒட்டி, தைத்து, பள்ளிக்கூடப் பைகள் போகும். அவனோடு சேர்த்து ஆறு பேர். மேலே ஒற்றை அறையில் அம்மா, அண்ணன், நான். பட்டறைக் கூரையில் வெட்டிய ஒரு சதுரத் துவாரம்தான் வீட்டுக்கு வழி. அதில் ஓர் இரும்பு ஏணி. அம்மா அந்தத் துவாரம் வழியாகவே ஆறு பேருக்கும் டீ இறக்குவாள். அதே துவாரம் வழியாக வேறென்ன மேலே ஏறும் என்று யாரும் யோசித்ததில்லை. நானும்தான்.

யோசித்திருக்க வேண்டியவள் நான். கல்லூரி புராஜெக்ட்டில் கையடக்கமான ஒரு தூசி மீட்டர் கிடைத்தது. காற்றில் மிதக்கும் நுண்துகளை எண்ணிச் சொல்லும். அது கைக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பேய் பிடித்துவிட்டது. செம்பூரில் ஆலைப்பக்கக் காற்று வீசும்போது ஒரு ரீடிங். காட்கோபரில் பழைய கட்டடம் இடிக்கும் இடத்தில் ஒரு ரீடிங். லோக்கல் ரயிலில், பேக்கரி வாசலில், கோயில் சாம்பிராணிக்கு முன்னால், எங்கள் சர்ச் பெயின்ட் அடித்த மறுநாள். மாட்டுங்காவில் நான் டியூஷன் எடுக்கும் பிளாட்டுகளில் பால்கனிக்கு வெளியே மரம் நிற்கும். அங்கே எண் எங்கள் சந்தில் வருவதில் பாதிகூட வராது. எட்டாங்கிளாஸ் படிக்கிற ஒரு பையன் அந்தக் காற்றில் உட்கார்ந்து கொட்டாவி விடுவான். அவனைக் கிள்ளலாம் போலிருக்கும்.

ஒருநாள் மீட்டரைப் பட்டறை மேஜையில் வைத்தேன். எண் குறைவு, விளக்கு பச்சை. ரெக்ஸின் வெட்டுவதில் தூசி அதிகம் வராது. “அண்ணே, ஒம் பட்டற பாஸ்!” என்று கத்தினேன். தேதி போட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அவன் அதை ஷட்டருக்கு உள்பக்கம் ஒட்டினான். “எந்தங்கச்சி சர்டிபிகேட்” என்று சரக்கு எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டினான். மேலே வந்து ஜன்னலில் வைத்தால் சிவப்பு, ரோட்டுத் தூசி. உடனே ஜன்னல் இடுக்குகளுக்கு அகலமான பிரவுன் டேப் ஒட்டினேன். வெளியே விஷம், உள்ளே சுத்தம் என்பது என் கணக்கு.

மூன்று மாதத்தில் இருமல் வந்தது. பிறகு நெஞ்சில் ஒரு பூனை உட்கார்ந்து முனகுகிற சத்தம். ஒரு சாயங்காலம் குர்லாவில் வண்டி மாறப் படியேறியவள் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு பெண் என் பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினாள். மாநகராட்சி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். நெபுலைசர் கொடுத்தார்கள்; மருந்தைப் புகைமூட்டமாக்கி மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடி வழியாகச் சுவாசிக்க வைப்பது. மருந்து ஏறியதும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஆனால் பூனை எழுந்து போய்விடும்.

அங்கே மார்புநோய் டாக்டர் மேடம் கேட்டார், “வீட்டில் புகை, ரசாயனம் ஏதாவது உண்டா?”

அவருக்கு என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பேச்சில் அவசரமின்மை. அவரைப் பார்த்தும் பொறாமைதான். அந்தப் பக்கம் நிற்க வேண்டியவள் இந்தப் பக்கம் படுத்திருக்கிறேனே என்று. அதனால் நோயாளியாகப் பதில் சொல்லாமல் சக விஞ்ஞானியாகச் சொன்னேன்: “வீட்டுக் காற்றை நானே அளந்திருக்கிறேன் மேடம், உள்ளே சுத்தம். பிரச்சினை வெளியேதான்.” பட்டறை என்ற வார்த்தையே என் வாயில் வரவில்லை. நானே பாஸ் போட்ட இடம், அதை எதற்குச் சொல்வது?

இன்ஹேலரும், ஊதுகிற மீட்டரும், ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இன்ஹேலரில் ஒன்று வெளியே வாங்க வேண்டியிருந்தது. என்ன விலை என்று கேட்டேன். அண்ணன் சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டானே தவிரச் சொல்லவில்லை. தினமும் நான்கு வேளை ஊதி எழுத வேண்டும். இரண்டு வாரத்தில் நோட்டில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. சனிக்கிழமைவரை எண் இறங்கிக்கொண்டே போகும். ஞாயிறு மாலை ஏறும். திங்கள் காலை இருப்பதிலேயே நல்ல எண்.

என் அம்மா திசையன்விளைப் பக்கத்துக்காரி. தாராவிக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் ஜெபத்தில் ஒரு நாள் தவறியதில்லை. நோட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“பாத்தியாட்டி? ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறேல்லா, கர்த்தர் சொகம் குடுக்காரு. மத்த நாள் போவாம இருக்கே, அதான் எறங்குது.”

“அம்மா, அப்டில்லாம் இல்லம்மா.”

“பின்ன எப்பிடி? நீதான எழுதி வச்சிருக்கே? பொய்யா எழுதுனே?”

அதுதான் கேவலம். எண் என் எண், பதில் அவளிடம். பட்டறைப் பசைக்கும் ஞாயிற்றுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று பட்டறை ஷட்டரைத் தூக்கவே அம்மா விடமாட்டாள் என்பது வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகியதால் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது.

ஞாயிறு போதாது என்று அம்மா புதன்கிழமையும் வீட்டிலேயே ஜெபக் கூட்டம் வைத்தாள். பதினோரு பெண்கள் ஏணியில் ஏறி வந்தார்கள். டேப் ஒட்டிய ஜன்னல்; கீழே ஸ்கூல் திறக்கிற சீசன், ஆர்டர் மும்முரம், இரண்டு பசை டப்பா திறந்திருந்தது. கொசுவுக்காக மூலையில் ஒரு சுருள் வேறு. எனக்காகத்தான் எல்லாரும் முழங்கால் போட்டார்கள். நானும் போட்டேன். இரண்டாவது பாட்டில் என் குரல் போயிற்று. மூன்றாவது பாட்டில் விரல் நகம் நீலமாக இருப்பதைப் பக்கத்தில் இருந்த அக்கா பார்த்துவிட்டாள். ஏணியில் நானாக இறங்க முடியாமல், அண்ணன்தான் முதுகில் போட்டு இறக்கினான். அவன் சட்டையில் என் முகம் புதைந்திருந்தது. அந்தப் பத்துப் படியிலும் எனக்கு மூச்சே வரவில்லை. ரோடுவரை ஓடினான். அவனுக்கு இரைக்கவேயில்லை என்பதை அந்த நிலையிலும் கவனித்தேன்.

இரண்டாவது முறை ஒன்பது நாள்.

முதல் இரண்டு நாள் ஆக்ஸிஜன். அப்புறம் ஸ்டீராய்டு; அது மூச்சுக்குழாயின் வீக்கத்தை வற்றவைக்கும், கூடவே யானைப்பசி கொடுக்கும். அம்மா கொண்டுவரும் சொதிக்கும் சோற்றுக்கும் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக் கிடப்பேன். எக்ஸ்ரே வரிசை, ரத்தம் எடுக்கிற வரிசை. ஸ்பைரோமெட்ரி என்று இன்னொரு சோதனை. மூக்கில் கிளிப் மாட்டிக் கம்ப்யூட்டர் இணைத்த குழாயில் ஊத வேண்டும். டெக்னீஷியன் காதுக்குள் “சோடோ, சோடோ, சோடோ!” என்று கபடி மேட்ச் மாதிரி கத்துவார். விடு, விடு என்கிறார். இருந்தால்தானே விடுவதற்கு?

சாவித்திரி மாவ்ஷி செம்பூரில் வீட்டு வேலை செய்கிறவள். பாத்ரூம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசிட் ஊற்றி, போதாதென்று மேலே பிளீச்சிங்கும் கொட்டித் தேய்த்திருக்கிறாள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன பாத்ரூம். தும்மி, வாந்தி எடுத்து, இங்கே வந்தாள். எனக்குப் பின்னால் வந்தவள், அறுபது வயது, எனக்கு முன்னால் தேறினாள். நாள்தோறும் இருபது முப்பது என்று அவள் முள் ஏறும். ஊதி முடித்ததும் என் பக்கம் திரும்பிக் கண்ணடிப்பாள்.

“க்யா மேடம், இன்னைக்கு எவ்ளோ?” அவளுடைய தாராவித் தமிழ் ஹிந்தியில் ஊறியது.

“நூத்தித் தொண்ணூறு.”

“என்குது டூ எய்ட்டி. நீ படிச்ச பொண்ணு, ஜோர் லகாகே, தம் கட்டி ஊதணும்.”

இவளிடமும் தோற்றாகிவிட்டது.

நான்காம் நாள்தான் அண்ணன் அறுநூற்றுப் பத்து ஊதியது. அவன் போன பிறகு என் எண் நூற்று ஐம்பதுக்கு விழுந்தது. மறுநாள் பட்டறையிலிருந்து அப்படியே இளநீரோடு வந்தான். கட்டில் ஓரம் உட்கார்ந்து வழுக்கையை ஸ்பூனால் வழித்துக் கொடுத்தான். அன்றும் விழுந்தது. அவன் வராத நாளில் ஏறியது. நான் எனக்குள் முடிவு கட்டிவிட்டேன், இது பொறாமை என்று. அவனைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. இவ்வளவு கேவலமான ஒரு தங்கச்சி தாராவியிலேயே இருக்க மாட்டாள். அவன் மடித்து வைத்த போர்வையைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி வந்தது. வெட்கத்தில் நோட்டில் அந்த இரண்டு எண்ணையும் எழுதவேயில்லை.

காட்டிக்கொடுத்தது மாவ்ஷிதான். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், “இவளோட பாய், அண்ணன்காரன், வந்தா நம்பர் கிர்தா ஹை மேடம், எறங்குது, நான் பாத்தேன்” என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “உண்மையா?”

தலையாட்டினேன். பிறகு, எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, “அவன் மேல பொறாமை மேடம்” என்று சொல்லியே விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அண்ணன் அப்போதுதான் தூக்குவாளியோடு உள்ளே வந்துகொண்டிருந்தான். டாக்டர் அவனை நிறுத்தி, அவன் சட்டைக் கைப்பக்கம் குனிந்து முகர்ந்தார். வார்டே பார்த்தது. அண்ணன் கூச்சத்தில் நெளிந்தான்.

“இது என்ன வாசனை? என்ன வேலை பார்க்கிறீங்க?”

“பை தைக்கோம் மேடம். ஒட்டுற சொல்யூஷன் வாடை.”

“அதில் ஹார்டனர் கலப்பீங்களா?”

“ஆமா, கலந்தாத்தான் கெட்டியாப் பிடிக்கும்.”

“பட்டறை எங்கே?”

“வீட்டுக்குக் கீழ.”

டாக்டர் என் நோட்டை எடுத்தார். ஞாயிறுகளைப் பேனாவால் வட்டமிட்டார். “ஞாயிறு பட்டறை உண்டா?”

“அம்மா வுட மாட்டா,” என்றான் அண்ணன்.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. மேலே பார்த்தபடி படுத்துவிட்டேன்.

பிற்பாடு டாக்டர் நிதானமாக விளக்கினார். கெட்டிப்படுத்த ஊற்றும் அந்த ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். காயும்போது ஆவியாகக் காற்றில் கலக்கும். சிலருடைய உடம்பு அதை ஒருமுறை எதிரி என்று படித்துக்கொண்டால் அப்புறம் மறக்காது. சட்டையில் ஒட்டிய துளி போதும், மூச்சுக்குழாய் கதவைச் சாத்திக்கொள்ளும். யாருடைய உடம்பு படிக்கும், யாருடையது படிக்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கொசுச்சுருள், ஊதுவத்தி, ஸ்பிரே, பிளீச்சிங் எல்லாம் ஏற்கெனவே புண்பட்ட குழாயில் உப்புத் தடவுகிற வேலையைச் செய்யும்.

“என் மீட்டர் பச்சை காட்டியதே?”

“அது துகளை எண்ணும். ஆவி துகள் இல்லையே. உப்பைத் தராசில் நிறுத்துவிட்டு இனிப்பா என்று கேட்கலாமா?”

கெமிஸ்ட்ரி பட்டதாரிக்கு இது தெரியும். தெரிந்த ஒன்றைச் சரியான இடத்தில் நினைக்கவில்லை. ஜன்னலையும் நான்தான் அடைத்தேன். மேலே ஏறிய ஆவிக்கு இருந்த ஒரே வாசலை என் கையால் டேப் போட்டு மூடினேன்.

வீட்டுக்குப் போகிற நாள் டாக்டர் சீல் வைத்த கடிதம் கொடுத்தார். பசை இருக்கும் இடத்தில் இவர் வசிக்கக் கூடாது, அடுத்த முறை உயிருக்கே ஆபத்தாகலாம். ஒன்று பட்டறை போக வேண்டும், இல்லை நான் போக வேண்டும்.

வராந்தா பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அம்மா மெதுவாக, “எய்யா, பட்டறைய வேற எங்கயாம் மாத்திருவமா?” என்றாள்.

நான் காத்திருந்தேன். ‘மூடிருதேன்’ என்று அவன் சொல்ல வேண்டும். என் மூச்சுக்காக மட்டும் அல்ல, இதையும் எழுதிவிடுகிறேன். அறுநூற்றுப் பத்து ஊதியவன் ஏதாவது ஒன்றை இழக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

“என்னண்ணே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கே?”

“நீ போயிரலாம்லா,” என்றான். கோபமில்லை. “ஒனக்கு ஒடம்பு சொல்லிட்டு. சீல் வச்சு எழுதியும் குடுத்துட்டாங்க. எனக்கு ஒடம்பும் ஒண்ணும் சொல்லல, எவனும் எழுதிக் குடுக்கல. பதினாறு வயசுலேந்து அந்த டப்பா முன்னால இருக்கேன். எனக்கு மட்டும் அது மணக்காதுன்னா நெனச்சே?”

“நீ அறுநூறு ஊதுனியேண்ணே.”

“ஊதுனேன். அதான் அங்கயே இருக்கேன்.”

இத்தனை நாள் நான் அவன் நெஞ்சைப் பார்த்துப் புழுங்கியிருக்கிறேன். அவன் என் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து மறுபடியும் உள்ளே போனேன். என் அண்ணனுக்கும் இப்படி ஒன்று எழுதித் தருவீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன். “பரிசோதிக்காமல் என்ன எழுத? திங்கள் வெளிநோயாளிப் பிரிவுக்கு, ஓபிடிக்கு, வரச் சொல்லுங்கள், பட்டறையில் இருக்கும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு,” என்றார். பின்னாலேயே வந்து நின்ற அண்ணன், “ஆர்டர் முடியட்டும் மேடம்” என்றான்.

நான் இப்போது ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, கோபர்கைரனேயில் சித்தி மகள் லில்லி அக்காவின் வீட்டில் இருக்கிறேன். நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. நேற்று முந்நூற்று எண்பது ஊதினேன். பட்டறையில் டப்பாக்களுக்கு மூடி வந்திருக்கிறது. சுவரைத் துளைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்திருக்கிறான். அம்மா ஜன்னல் டேப்பைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டாள். ஷட்டரில் ஒட்டிய என் சர்டிபிகேட்டைக் கிழிக்கச் சொன்னேன். ஓபிடிக்கு மட்டும் ஒரு திங்களும் யாரும் போகவில்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். ஞாயிறுதோறும் குளித்து, துவைத்த சட்டை போட்டு, அம்மா கொடுத்தனுப்பியதைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வருவான். நான்கு மாடியையும் தடதடவென்று ஏறுவான். நான் இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்குகிற படிகள் அவை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவன் காலடியைக் கேட்பேன். முதலில் எரிச்சலோடு கேட்டேன். சில வாரமாக வேறு மாதிரி கேட்கிறேன், எங்காவது நிற்கிறானா என்று.

இந்த ஞாயிறு மூன்றாவது மாடியில் சத்தம் நின்றது. மனதுக்குள் இருபதுவரை எண்ணினேன். அப்புறம்தான் ஏறி வந்தான்.

“போன் வந்துச்சுட்டி, அதான் நின்னேன்,” என்றான்.

அவன் ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் அரிசிப் பை. பேச்சுக் குரல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

“சரி, உள்ள வா,” என்று பையை வாங்கிக்கொண்டேன். நாளைக்குத் திங்கள். ஓபிடி சீட்டு எடுக்கிற வரிசை ஏழரைக்கே நீண்டுவிடும். முதல் வண்டியில் போய் அவன் பெயரைச் சொல்லி நான் நிற்கப்போகிறேன். அவன் வரும்வரை நகர மாட்டேன் என்று போனில் சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரி வாசலில் தங்கச்சியை நிற்க வைத்துவிட்டுப் பசை தடவ அவனுக்கு மனசு வராது.